எலுமிச்சை இலையில் வெள்ளி வட்டம்

போன திங்கட்கிழமை காலை டீ கோப்பையோடு மொட்டை மாடிக்கு ஏறினேன். என் எலுமிச்சைச் செடியில் இலைக்கு இலை வெள்ளி வட்டம்!

ஏதோ புது நோய் என்றுதான் முதலில் பதறினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தால்... பேனா மை. பூச்சி கடித்த ஒவ்வொரு ஓட்டையையும் சுற்றி, காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி ஒரு வட்டம்.

நோய் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது. கீழே ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஒரு டேனரியில் செலக்‌ஷன் பிரிவில் இருந்தவர். பதனிட்டு முடித்த தோலை வெளிச்சத்தில் விரித்து, எங்கே முள் கீறியது, எங்கே உண்ணி கடித்தது, எங்கே கத்தி பட்டது என்று கண்டுபிடித்து வெள்ளி மைப் பேனாவால் வட்டம் போடுகிற வேலை. வட்டம் கூடினால் தோல் ரிஜெக்ட். வாழ்நாள் முழுக்க இதே வேலை. தை மாதம் ரிட்டயர் ஆனார். மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்த வெள்ளிப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருக்கக் கூடாதா?

எங்கள் ஊரில் வசந்தம் வருவதே அபூர்வம். மாசியில் பனி விலகியதும் வேப்பமரம் செம்புநிறத் தளிர் விடும். காலையில் ஜவ்வாது மலைப் பக்கமிருந்து நல்ல காற்று வரும். கொஞ்ச நாள்தான்... அப்புறம் மாடியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. அந்தக் கொஞ்ச நாளுக்காகத்தான் வருஷம் பூராவும் போர்வெல் தண்ணீரின் உப்போடு மல்லுக்கட்டி, அரிசி கழுவிய தண்ணீரைக் குடத்தில் சேர்த்து, மூட்டுவலியோடு படியேறி ஊற்றுகிறேன்.

இந்த வருஷம் எனக்கு ஒரே ஒரு ஆசை. எலுமிச்சையில் பட்டாம்பூச்சி முட்டை வைத்திருந்தது. புழுக்கள் வந்து இலையை மேய ஆரம்பித்தன. மேயட்டும் என்று விட்டேன். என் மாடியில், என் செடியில், ஒரு பட்டாம்பூச்சி பிறப்பதை டீ குடித்துக்கொண்டே பார்க்க வேண்டும். பெரிய ஆசையா இது?

"இன்னாங்க இது?" என்று மேலிருந்தே கத்தினேன்.

பேப்பரும் கையுமாக ஏறி வந்தார். "செக் பண்ணேன். இந்தச் செடி தேறாது. ஓட்டை ரொம்ப ஜாஸ்தி. புழுவெல்லாம் நேத்தே எடுத்துப் போட்டுட்டேன்."

இலைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், ஒரு புழுகூட இல்லை. அப்போதுதான் கவனிக்கிறேன், தொட்டிகள் எல்லாம் இடம் மாறியிருந்தன. வெயிலில் இருந்த மல்லி, செம்பருத்தி, ரோஜா எல்லாம் தண்ணீர் டேங்க்கின் நிழலில் வரிசையாக நிற்கின்றன.

"இதை எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?"

"வடக்கு வெளிச்சம். தோல்ல இருக்குற குறை அதுலதான் சரியாத் தெரியும்."

"அது தோலுங்க! மல்லிக்கு வெயில் வேணாமா?"

பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பர்வீன் எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, அண்ணன் மாடியிலயே டேனரி தொறந்துட்டாரா?" என்று சிரித்தாள். சிரிக்க மாட்டாளா? அவள் வீட்டுக்காரருக்கு ரிட்டயர் ஆக இன்னும் காலம் இருக்கிறது.

இவரோ எதையும் காதில் வாங்கவில்லை. எலுமிச்சைத் தண்டில் போட்டிருந்த ஒரு வட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "இத பாரு, தண்டுலயே வீக்கம். அதான் பிடுங்கிடலாம்னு..."

பார்த்தேன். வீக்கமில்லை. பச்சை நிறத்தில், நூல் கட்டிச் சாய்ந்து நின்ற கூட்டுப்புழு! இவர் கைக்குத் தப்பிய ஒரே ஒரு உயிர். அதற்கும் வட்டம்!

அவ்வளவுதான். டேங்க் அதிரக் கத்தினேன். "இது எக்ஸ்போர்ட் சரக்கு இல்ல, செடி! எதைப் பாத்தாலும் குறைதானா? நான் வைக்கிற சாம்பார்ல குறை, மடிச்ச சட்டையில குறை... நல்லதா ஒண்ணுமே உங்க கண்ணுல படாதா?"

பதிலுக்கு எகிறுவார் என்று எதிர்பார்த்தேன். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"படாதுடி," என்றார். "நல்லா இருக்குற எடத்தப் பாக்குறதுக்கு எனக்கு யாரும் சம்பளம் குடுக்கல. கண்ணு நேரா ஓட்டைக்குத்தான் போவுது. நான் இன்னா பண்ண?"

கோபம் பாதியில் நின்றுவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. கத்த வேண்டியது இன்னும் நிறைய இருந்தது.

வேலையிலிருந்து ஆளைத்தான் ரிட்டயர் ஆக்குகிறார்கள். கண்ணையும் கையையும் யார் ரிட்டயர் ஆக்குவது? எங்கள் தெருவில் ரிட்டயர் ஆன கண்டக்டர் ஒருவர் ஷேர் ஆட்டோவில் ஏறினாலும் 'உள்ளே தள்ளி உக்காரும்மா' என்கிறார். பாவம்தான். அதற்காக என் மல்லி நிழலில் சாக வேண்டுமா? அன்று மாலையே அவரைக்கொண்டே எல்லாத் தொட்டிகளையும் பழையபடி வெயிலுக்கு நகர்த்த வைத்தேன்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் முதல் வேலையாக மாடிக்குப் போய்க் கூட்டைப் பார்த்துவிட்டு வந்தார். "கறுத்துப்போச்சு. உள்ள கெட்டுடுச்சு போல" என்று தினமும் ஒரு ரிப்போர்ட் வேறு!

நேற்றுக் காலை மாடியிலிருந்து சத்தம். "ஏய், ஓடியா!"

டீயை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினேன். கூடு பிளந்து பட்டாம்பூச்சி வெளியே வந்திருந்தது.

"றெக்கை சுருங்கியிருக்குதே... டேமேஜ்."

"கொஞ்ச நேரம் வாய மூடிக்கினு இருங்க!"

இருந்தார். இரண்டு பேரும் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தோம். றெக்கை மெள்ள மெள்ள விரிந்தது. கறுப்பில் மஞ்சள் பொட்டுகள். வெயில் ஏறியதும் ஒரு எம்பு எம்பி, பர்வீன் வீட்டுத் துணிக்கொடியைத் தாண்டிப் போயே போய்விட்டது.

கண்ணில் நீர் கட்டியது. அடுப்பில் டீ தீய்ந்த வாடை வந்தது. அவர் இன்னும் துணிக்கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது றெக்கை ஓரத்துல ஒரு சின்ன கீறல் இருந்துச்சு, பாத்தியா?"

பாருங்கள், மனுஷர் திருந்தவில்லை. ஆனால் பேனா பையிலேயே இருந்தது.