மேசைவிரிப்புக்குள் சுழன்ற நாடா

அம்மாவுக்கு ஒரே தம்பி. அந்தத் தம்பிக்கு ஒரே பைத்தியம், கிள்ளானில் பழைய சாமான் சந்தையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த ரீல் டேப் ரெக்கார்டர். சாப்பாட்டுத் தட்டு அளவில் இரண்டு சக்கரங்கள், நடுவே ஓடும் பழுப்பு நாடா, அரிசி மூட்டைக் கனம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் எங்கள் முன்னறை மேசை முழுவதையும் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடக்கும். ஊரே கைப்பேசியில் பாட்டுக் கேட்கத் தொடங்கிவிட்ட காலம் அது. மாமா மட்டும் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அதில் நாடா உரசிச்செல்லும் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார். பஞ்சு பிய்த்துக் கொடுப்பது எட்டு வயதில் என் உத்தியோகம்.

அம்மாவுக்கு அந்த இயந்திரத்தைக் கண்டாலே ஆகாது. காரணம் இருந்தது. முன்பு சம்பந்தம் பேச வந்தவர்களிடம் மாமா அதன் மோட்டார் பெல்ட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில், அவர்கள் குடிக்கக் கொடுத்த மைலோவைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். மாமாவுக்கோ முப்பத்தைந்து தாண்டிவிட்டது. கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறது, பெண்ணும் கூட வருகிறாள் என்று தெரிந்ததும் அம்மா ரெக்கார்டர்மேல் பூப்போட்ட மேசைவிரிப்பைப் போர்த்தி, ஓரத்தில் பிளாஸ்டிக் பூச்சாடியை வைத்தார்.

“இன்னிக்கு அதைப் பத்தி வாயே தொறக்கக் கூடாது. இதுவும் போச்சுன்னா நீ அதையே கட்டிக்கோ லா.”

“சத்தியமா பேச மாட்டேன்க்கா.”

மாமா வாக்குத் தவறவில்லை, பேசவே இல்லை. விருந்தாளிகள் வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்தில் விரிப்புக்குள் கையை விட்டு ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டார், அவ்வளவுதான். மைக் பூச்சாடிக்குப் பின்னால் இருந்தது. மற்றவர்கள் அப்படிப்பட்ட நாளில் போட்டோ எடுப்பார்கள். மாமாவுக்குக் குரல்கள் வேண்டும்.

பெண்ணின் அப்பா கேரித் தீவுத் தோட்டத்தில் தாம் பிறந்ததிலிருந்து தொடங்கினார். அவர் பள்ளிக்கூடம் போகும் வயதை எட்டியபோது விரிப்பின் முனை சக்கரத்தில் சிக்கியது. துணி மெல்ல முறுக்கிக்கொள்ள, பூச்சாடி தானாக ஊர்ந்து விளிம்பை நோக்கி நகர்ந்தது. அம்மாவும் பார்த்துவிட்டார். கேசரித் தட்டு அவர் கையிலேயே நின்றது.

விழுவதற்குள் எழுந்து சாடியைப் பிடித்தது அந்தப் பெண்தான். பிடித்தவள் விரிப்பையும் விலக்கினாள்.

அவள் அப்பா பேச்சை நிறுத்தினார். “என்னா தம்பி இது? நாங்க பேசுறதையா பிடிக்கிறீங்க?”

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் இயந்திரத்தின்மேல் குனிந்து சுழற்சியைப் பார்த்தாள்.

“என்னா ஸ்பீடுல வச்சிருக்கீங்க?”

“செகண்டுக்கு ஏழரை இஞ்ச்,” என்றார் மாமா.

“டேப் சீக்கிரம் தீர்ந்துடும்லா. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு, தெரியும். பாதியா குறைங்க. எங்கப்பா இப்பதான் ஸ்கூலுக்கே போயிருக்காரு, இன்னும் கல்யாணம் கட்டணும், என்னைப் பெத்துக்கணும்.”

“வாயாடி!” என்று முதலில் சிரித்தவர் அவள் அப்பாதான்.

வேகத்தைக் குறைத்தால் ஓசை மங்கிவிடும் என்று எனக்கு எத்தனையோ முறை வகுப்பெடுத்த மாமா, மறுபேச்சில்லாமல் குமிழைத் திருகினார்.

சம்பந்தம் கூடிவந்தது. அந்தப் பெண் இப்போது என் மாமி. ஆனால் மறுநாள் காலை எனக்கிருந்த கவலை வேறு. மாமா ரீலைப் போட்டார். பாதிவரை எல்லாரும் ஒழுங்காகப் பேசினார்கள். வேகம் மாறிய இடத்திலிருந்து பெண்ணின் அப்பா உட்பட அத்தனை பேரும் அணில்போலக் கீச்சிட்டார்கள். மெதுவாகப் பிடித்ததைப் பழைய வேகத்தில் ஓட்டினால் அப்படித்தான், ஒரே நாடாவில் இரண்டு வேகம்! அருமையான ரீல் பாழாகிவிட்டது.

“மாமா, அழிச்சிட்டு வேற பிடிப்போமா?”

“சும்மா இரு.”

மாமா பின்னுக்கு ஓட்டினார். “பாதியா குறைங்க,” என்றது ஸ்பீக்கர். கீச்சொலி தொடங்கும் முன் நிறுத்தி, மறுபடி பின்னுக்கு ஓட்டினார். மறுபடியும் “பாதியா குறைங்க.” கோளாறு எந்த இடத்தில் என்றுதான் தேடுகிறார் போலும் என்று நினைத்து, உதவியாக இருக்கட்டும் என நானும் ஸ்பீக்கரில் காதை வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன்.