நடுவில் இறங்காத விமானம்

"நடுவுல எங்க சார் எறக்குனாங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வரட்டும் என்று முடிதிருத்துநர் சவரக்கத்தியைக் கன்னத்திலிருந்து ஒரு விரல்கடை தள்ளிப் பிடிக்கிறார். நாற்காலியில் இருப்பவர், முடிதிருத்துநரின் மகள் வேலை பார்க்கும் ஊரிலிருந்து நேற்றுதான் வந்து இறங்கியவர். இடையில் ஆறு மணி நேரம் காக்க வைத்தார்களாம். "அடப் பாவமே" என்று அவருக்காக வருந்திவிட்டுத்தான் கத்தி மறுபடி வேலையைத் தொடங்குகிறது.

கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனாலும் தெருவில் அவருக்கு 'ஏர்போர்ட்' என்றுதான் பெயர். இத்தனைக்கும் ஆள் விமானத்தில் ஏறியதே கிடையாது. பேருந்திலேயே ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் தலையைப் பிடித்துக்கொள்கிற ஆசாமி.

மகள் இருக்கும் ஊர் ஆகாய வழியில் பதின்மூவாயிரம் கிலோமீட்டர். அதோடு அவருக்குத் தகராறு இல்லை. பூமியை யார் சுருக்க முடியும்? தகராறெல்லாம் நேரத்தோடுதான். வாசலுக்கு வாசல் முப்பது மணி நேரம் ஆகிறதே, அதைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் மகள் வந்துவிடுவாள். அவளே சொன்னதுதான்: "ஒரு வாரம் லீவு குடுப்பாங்கப்பா. போக வரவே பாதி போயிடும். வந்து என்ன பண்றது?" அது ஆயிற்று நான்கு வருடம். அன்றிலிருந்து வெளிநாட்டிலிருந்து வந்தவர் யார் நாற்காலியில் உட்கார்ந்தாலும் வழியை விசாரிக்காமல் விடுவதில்லை. "பிளேனுக்கே வழி சொல்லிக் குடுக்கப் போறீங்களா?" என்று மனைவி கேலி செய்வாள். சோறு போடும்போது, "இன்னிக்கு யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்பவளும் அவள்தான்.

"எனக்குத்தான் டிக்கெட் கெடைக்கலண்ணே," என்கிறார் நாற்காலிக்காரர். "ஒரு வருஷமா நேராவே பிளேன் வருதே. எங்கயும் எறங்க வேணாம். பதினாறு மணி நேரம், வந்துடலாம்."

பாதி முகத்து நுரையோடு அவரை அப்படியே விட்டுவிட்டுக் கைபேசியை எடுக்கிறார். விரல் ஈரத்தில் மகளின் எண் இரண்டு முறை வழுக்கிப் போகிறது.

"அம்மா, நேரா வர்ற பிளேன் விட்டிருக்கான். பதினாறே மணி நேரமாம்."

"தெரியும்பா," என்கிறாள் மகள்.

அவளுக்காக அவரே பேசத் தொடங்குகிறார்.

"ஆனா அதுவும் சரிப்படாது போலம்மா. இந்தப் பக்கம் வர்றப்ப எதிர்க்காத்தாம், இன்னும் ரெண்டு மணி நேரம் இழுக்குமாம். ஒரே எடத்துல உக்காந்தா கால் வீங்கிடும். நீ பாட்டுக்கு அவசரப்பட்டு டிக்கெட் கிக்கெட் போட்டுடாத."

"சரிப்பா."

கொஞ்சம் தயங்கியாவது சொல்லியிருக்கலாம்.

கைபேசியை வைத்துவிட்டுத் திரும்பி வருகிறார். பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்து நன்றாக நுரை எழுப்பி, ஏற்கெனவே மழித்து முடித்திருந்த கன்னத்தில் நிதானமாகப் பூச ஆரம்பிக்கிறார். நாற்காலிக்காரர் கண்ணாடியில் அதைப் பார்க்கிறார். பிறகு முகத்தை இன்னும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறார்.