பனியன் துணித் தொட்டில்

2004 வாக்கில், திருப்பூர் மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தபோது நடந்தது இது. எட்டு வருடம் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தவள் நான். வேலைக்கு வரும் பெண்கள் கைக்குழந்தையை அட்டைப்பெட்டிக்குள் படுக்க வைத்துவிட்டு மிஷினில் உட்காருவதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்கவில்லை. வேலையை விட்டேன். பக்கத்து அறையையும் வாடகைக்குப் பிடித்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமாக்கினேன். முதல் மாதமே ஆறு குழந்தைகள் சேர்ந்தன.

தொட்டிலுக்குப் பழைய சேலை தேடுவானேன் என்று, கம்பெனியில் மிச்சம் விழுந்த பனியன் துணியை வாங்கி வந்து கட்டினேன். மெத்தென்று இருந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம், ஐந்து மாதக் குழந்தை ஒன்று தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் அம்மா திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். நான் அடுப்படியில் மற்ற பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். பொறுமை கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள் நான். நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால், காலையில் முழங்கால் உயரத்தில் கட்டிய தொட்டில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. துணி நீண்டு, மேல்பக்கம் பை மாதிரி மூடிக்கொண்டிருந்தது. பிரித்தேன். குழந்தையின் முகத்தில் துணி அப்பிக் கிடந்தது. உதடு வெளுத்திருந்தது. அழவே இல்லை.

வாரி எடுத்து உள்ளங்காலில் தட்டினேன். இரண்டாவது தட்டில் வீறிட்டது. மற்ற பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு டாக்டரிடம் ஓடினேன். பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

"துணிய இழுக்காமத் தைங்க, நீண்டுக்கும்" என்று எட்டு வருடமும் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினவள் நான். எனக்குத் தெரியாமல் இது வேறு யாருக்குத் தெரியும்?

சாப்பிட வந்த என் கணவர், "ஒன்னும் ஆகலைல்ல, உடு. வெளிய சொன்னீன்னா நாளைக்கு ஒருத்தரும் புள்ளைய உடமாட்டாங்க" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. எல்லாத் தொட்டிலையும் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பாயை விரித்தேன். அதற்குப் பிறகு கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வாசலுக்குப் போவேன், வருவேன். சொல்லிவிடலாம் என்பேன், அடுத்த நிமிடமே, பொழப்புப் போய்விடுமே என்று பின்வாங்குவேன். போட்ட டீ ஆறிப்போய்க் கிடந்தது.

சாயங்காலம் அந்தக் குழந்தையின் அம்மா தலையெல்லாம் பிசிறு நூலோடு சிரித்துக்கொண்டே வந்தாள். "என்னக்கா, பாடாப் படுத்திட்டாளா?"

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.

குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டாள். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமாக்கா?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

அப்படியே குழந்தையோடு கிளம்பிப் போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. சேதி பரவி, இன்னும் இரண்டு பேர் பிள்ளைகளை அனுப்பவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்து, கழுவிய பாத்திரங்களையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அவள் வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் பழைய நூல் சேலை. குழந்தையை என்னிடம் நீட்டினாள். சேலையை மட்டும் தரவில்லை. அவளே கொக்கியில் போட்டு, முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூக்கிக்கொண்டு தொங்கிப் பார்த்தாள். சேலை கொஞ்சமும் இறங்கவில்லை. குழந்தையை வாங்கிப் படுக்க வைத்துவிட்டு, "ஷிப்டுக்கு நேரமாச்சுக்கா" என்று கிளம்பினாள். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

இன்றும் தொட்டில் கட்டினால், முதலில் நான் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைப் போடுகிறேன். அவள் அப்படி வாசலில் நின்று திரும்பிப் பார்க்காமல் வேலைக்குப் போக ஒரு வருடம் ஆனது. இந்தத் தொழிலில் நான் சம்பாதித்ததில், அவள் திரும்பாமல் போன அந்தக் காலையைவிடப் பெரிதாக எனக்கு வேறெதுவும் தெரியவில்லை.