இருமுகிற மோட்டாரும் எங்கள் சனிக்கிழமைகளும்

படகு மோட்டார் வைத்துப் பிழைப்பவர்களுக்குக் கவலை இரண்டே இரண்டுதான்: ஒன்று, அது கிளம்புமா, மற்றது, கிளம்பினால் போய்ச் சேருமா. பழைய மோட்டாரைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் உங்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மலாயாவில், கிள்ளான் ஆற்றில் எங்களுக்கு ஒரு படகு உண்டு. அதன் பின்பலகையில் மாட்டியிருக்கும் மோட்டார், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுச் சென்றது. உச்சியில் உள்ள சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தால் கிளம்பும், மனம் இருந்தால். படகை ஓட்டுவது என் வீட்டுக்காரர். அவருக்கு வெள்ளெழுத்து, கிட்டத்தில் இருக்கும் சின்னத் திருகாணி கண்ணுக்குத் தெரியாது. அதனால் கழற்றுவது, துடைப்பது, கவலைப்படுவது மூன்றும் என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் வீட்டு நிலைக்கும் மோட்டாருக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன். சம்பாதித்துப் போடுகிற ஆளை மறக்கலாமா?

மற்ற நாட்களில் அக்கரைக்கும் இக்கரைக்குமாக ஆள் ஏற்றுவோம். சனிக்கிழமை மட்டும் ஆற்றுமுகத்துக்கு அப்பால் உள்ள தென்னந்தோட்டத்துக்கு அரிசி மூட்டைகளும் ஆட்களும் கொண்டு போவோம். அந்தச் சனிக்கிழமை வேலைதான் எங்கள் அடுப்பை எரிய வைத்தது.

தலைக்கு எண்ணெய்

இந்த மோட்டாருக்குப் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். கடைக்காரர் ஒரு அளவு சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. வயதான மோட்டார், உடம்பு காய்ந்து போயிருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு போத்தல் கூடவே ஊற்றினேன். அது திக்கித் திக்கி ஓட ஆரம்பித்தது. எண்ணெய் போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் சேர்த்தேன்.

கடைசியில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், தீப்பொறி விழ வேண்டிய இடத்தில் கண்மை போலக் கரி அப்பியிருந்தது. அன்று படகில் வந்த ராமாயி தோட்டத்தில் தேங்காய் உடைப்பவள். வாய்க்குப் பூட்டுப் போடாதவள். புகை தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "ஏக்கா, இது படகா, கொப்பரை காயப்போடுற சூளையா? வீட்டுக்குப் போயி நான் குளிக்கணுமா, இல்ல கொப்பரைன்னு என்னைய மூட்டை கட்டி வித்துருவாங்களா?"

தோசைக்கல் சோதனை

எண்ணெயைக் குறைத்த பிறகு சில மாதம் நிம்மதி. அப்புறம் ஒருநாள் உடம்பெல்லாம் உதற ஓடியது. எங்கள் மோட்டாருக்கு இரண்டு சிலிண்டர், ஆளுக்கொரு பிளக். ஒன்று வேலை செய்யாவிட்டால் அந்தப் பிளக் சூடேறாது. கொஞ்சம் ஓட்டி நிறுத்திவிட்டுத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். விரல் சுடுமே என்று எனக்குப் பயம். தோசைக்கல் காய்ந்ததா என்று எப்படிப் பார்க்கிறோம்? இரண்டின் மேலும் தண்ணீரைத் தெளித்தேன்.

ஒன்றில் சத்தமே இல்லை. மற்றதில் 'சொய்ங்' என்றது. கூடவே 'டிக்' என்று இன்னொரு சத்தம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிளக்கின் பீங்கான் விரிசல் விட்டுவிட்டது. சூடேறாத பிளக்குக்கோ ஒரு நோயும் இல்லை. அதற்குப் போகும் கம்பியின் முனை தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் துடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீ தண்ணி தெளிச்சுப் பாக்காம விட்டியே, அது நான் செஞ்ச புண்ணியம்."

நடு ஆற்றில்

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய நோய். கிளம்பும்போது தங்கம். கால் மணி நேரம் ஓடும். பிறகு இருமும், இழுக்கும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். பிளக்கை மாற்றினேன். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று துணியில் வடிகட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், சனிக்கிழமை மட்டும்தான் இந்தக் கூத்து. ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் குதிரை மாதிரி ஓடும். நான் பயந்துபோய் வெள்ளிக்கிழமைச் சந்தனத்தை இன்னும் தாராளமாக அப்பினேன்.

மூன்றாவது சனிக்கிழமையும் அரிசியோடு நடு ஆற்றில் நின்றோம். சம்பான் என்கிற துடுப்புப் படகு வைத்திருக்கும் மாட் என்ற மலாய்க்காரப் பெரியவர்தான் கயிறு கட்டி எங்களை இழுத்துக்கொண்டு போனார். தமிழர் கூடவே வளர்ந்தவர், நம் பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தோட்டத்துத் துறையில் கணக்கெழுதும் கிராணியார் காத்து நின்றார். "அடுத்த வாரம் நானே இதுல வர்றேன்மா. அன்னிக்கும் நின்னா வேற படகு பார்த்துக்குவேன், கோவிச்சுக்காதீங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாட் ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னார்: "அழாதே லா, தங்கச்சி. என் துடுப்பைப் பாரு, அதுக்குப் பெட்ரோலும் வேணாம், பொட்டும் வேணாம்."

ஊக்கு

அடுத்த சனிக்கிழமை கிராணியார் அரிசி மூட்டையின் மேல் குடையோடு உட்கார்ந்திருந்தார். நான் மோட்டாருக்குப் பக்கத்தில், கந்த சஷ்டிக்கு விரதம் இருப்பவள் போல. கால் மணி நேரம் ஆயிற்று. இருமியது. நின்றது. நீர் வற்றுகிற நேரம். படகு மெல்லச் சேற்றுத் திட்டுப் பக்கம் போக ஆரம்பித்தது. கிராணியார் வேறு படகு ஏதும் தெரிகிறதா என்று கரையைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க, மோட்டாரோடு சேர்ந்திருக்கும் தொட்டியின் மூடியைத் திருகித் திறந்தேன். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது, முங்கி எழுந்தவன் மூச்சு வாங்குகிற மாதிரி. வீட்டுக்காரர் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் ஓடியது. மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நட்ட நடுவில் என் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கல்லாக இருந்தன; பிளக் விரிசல் விட்ட பயத்தில்தான் பொட்டை அந்த இடத்துக்கு மாற்றியிருந்தேன். அதைச் சுரண்டினால் அடியில் ஊசிக்கண் அளவு ஒரு துவாரம். பெட்ரோல் இறங்க இறங்கத் தொட்டிக்குள் காற்றுப் போகிற வழி அதுதான். வாராவாரம் வெள்ளிக்கிழமை நான் அடைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் உப்புப் போக மோட்டாரை நல்ல தண்ணீரில் கழுவும்போது நானே திறந்தும் விட்டேன்.

தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்கை எடுத்துத் துவாரத்தைக் குத்திச் சுத்தம் செய்து, மூடியைத் திருகினேன். தோட்டத்துத் துறை வரை மோட்டார் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. என்ன கோளாறு என்று கிராணியார் கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். அப்புறம் சொன்னார்: "வர்ற சனிக்கிழமை மூட்டை ஜாஸ்தி, நேரத்தோட வந்துருங்க. பொட்டை மட்டும் உங்க வீட்டுக்காரர் நெத்தியில வைங்கம்மா, அவரு அது வழியா மூச்சு விடுறதில்ல."

இப்போதும் வெள்ளிக்கிழமை மோட்டாருக்குப் பொட்டு வைக்கத்தான் செய்கிறேன், துவாரத்துக்கு நாலு விரற்கடை தள்ளி. ஏனென்றால் அந்த மோட்டாரை உப்புத் தண்ணீரும் துருவும் படுத்தியதைவிட என் அக்கறை படுத்திய பாடுதான் அதிகம்.