தேன்மொழி நீந்தக் கற்ற கோடை

மின்னஞ்சல் வந்தபோது தேன்மொழி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கைபேசியைப் பார்த்தவள், கையிலிருந்த ஈரச் சேலையைத் தோளில் போட்டபடியே படியிறங்கி ஓடிவந்தாள்.

"யம்மா, கெடச்சிட்டு! உகாண்டாவுக்குப் போவுதேன்!"

அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. கணிதம் முடித்த கையோடு, வெளிநாட்டுப் பள்ளிகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமைப்பு ஒன்றுக்கு அவள் எழுதிப்போட்டிருந்தாள். விக்டோரியா ஏரியின் நடுவே ஒரு தீவு. அங்கே ஒரு பள்ளிக்கூடம், அதற்குக் கணக்கு டீச்சர் கிடையாது. ஒரு வருடம் அவள் பாடம் நடத்த வேண்டும். சம்பளம் இல்லை; சோறும் தங்க இடமும் போக வரச் செலவும் அவர்கள் பொறுப்பு.

அப்பா தளவாய் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அன்றைக்குச் சேரன்மகாதேவியிலிருந்து பாபநாசம் போவதற்குள் பஸ்ஸில் ஏறிய எல்லாருக்கும் செய்தி தெரிந்துவிட்டது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போதே, "எம்மவ ஆப்பிரிக்காவுல டீச்சராப் போவுதா அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒரே ஒரு நிபந்தனைதான் இடித்தது. தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். அதனால் வருகிறவர்களுக்கு நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். நீந்துவதைப் படம்பிடித்து அனுப்பவும் வேண்டும்.

தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தும் தேன்மொழிக்கு நீச்சல் தெரியாது. அவள் பிறப்பதற்கு முன்பு ஓர் ஐப்பசி வெள்ளத்தில் அவளுடைய மாமா, அம்மாவின் ஒரே தம்பி, ஆற்றோடு போய்விட்டார். அதன் பிறகு அம்மா சுடலைவடிவு ஆற்றில் கால் நனைத்ததே இல்லை. மகளையும் வாளித் தண்ணீரிலேயே குளிப்பாட்டி வளர்த்தாள்.

நிபந்தனையைக் கேட்டதும் அம்மா சுளகை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏட்டி, படகு கவுந்துட்டுன்னா என்ன செய்வ?"

"அதுக்குத்தாம்மா நீச்சல் கேக்காவ."

"அப்போ படி. ஆனா கயித்த நாந்தான் பிடிப்பேன்."

கல்லூரி நாளிலிருந்தே தேன்மொழிக்குக் கூட்டாளி ஹெப்சிபா. பாளையங்கோட்டைக்காரி, பல்கலைக்கழக நீச்சல் அணியில் இருந்தவள். விஷயத்தைச் சொன்னதும் மறுநாள் விடியற்காலையில் ஸ்கூட்டியில் வந்து நின்றாள். படித்துறைக்குப் போனால், அங்கே சுடலைவடிவு கிணற்று வடத்தின் ஒரு முனையை மகளின் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாள். மறுமுனை அவள் கையில் இரண்டு சுற்றாகச் சுற்றியிருந்தது.

"மாடு குளிப்பாட்டுத மாதிரில்லா இருக்கு அத்தை!" என்று ஹெப்சிபா சிரித்தாள்.

"சிரிச்சா சிரி. நான் விடமாட்டேன்."

முதல் வாரம் முழுக்கத் தேன்மொழி தண்ணீர் குடித்தாள். மூழ்கினாலும் அம்மா இழுத்தாள், மூழ்காவிட்டாலும் இழுத்தாள். கொஞ்சம் மிதக்கத் தொடங்கும்போதெல்லாம் வடம் வெடுக்கென்று இழுக்க, கரைக்கே வந்து சேர்ந்தாள். துணி துவைக்க வந்த பெண்கள் துவைப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தேன்மொழிக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. ராத்திரி படுத்தால் கைகால்கள் தானாக அடித்தன. கண்ணை மூடினால் நீல ஏரியும் தெரியாத பிள்ளைகளின் முகங்களும் வந்தன.

இதற்கிடையே தூத்துக்குடிக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுவிட்டு வந்தாள். கைபேசியைப் பார்த்துக் கற்றுக்கொண்ட உகாண்டா மொழி வணக்கத்தை, பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அப்பாவிடம் முதலில் சொல்லிப் பார்த்தாள். அவரும் மறுநாள் டிரைவரிடம் அதையே சொன்னார்.

ஒருநாள் காலையில் காரியம் கைகூடியது. முந்தைய நாட்களில் பாதி வழியில் திணறியவளுக்கு, அன்று தண்ணீர் தானே தாங்குவதுபோல இருந்தது. ஹெப்சிபா கரையில் நின்று படம்பிடிக்க, தேன்மொழி ஆற்று நடுவிலிருந்த பாறையை நோக்கி நீந்தினாள். கை வீசினாள், மூச்சு வாங்கினாள், மறுபடியும் வீசினாள். கை பாறையில் பட்டதும் தாவி ஏறிக் கத்தினாள்.

"யம்மா! தொட்டுட்டேன்!"

திரும்பிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். வடத்தின் நீளம் போதாமல், விடவும் மனமில்லாமல், அம்மா படி படியாக இறங்கி மார்பளவுத் தண்ணீருக்கு வந்திருந்தாள். சேலை சுற்றிலும் மிதந்தது. அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பதே சுடலைவடிவுக்கு உறைத்தது. ஒரு நிமிடம் கீழே தண்ணீரையே பார்த்தாள். பிறகு வடத்தை மெல்லக் கையிலிருந்து அவிழ்த்து விட்டாள்.

"பைய வாட்டி. நான் இங்கனதான் நிக்கேன்."

மகள் நீந்தி வந்து சேர்ந்தபோது, அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு தலை முழுக முங்கி எழுந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஈர முகத்தில் தெரியவில்லை. "சில்லுனு இருக்குட்டி" என்றாள். இன்னொரு முறை முங்கினாள்.

படத்தைப் பார்த்த அமைப்பு மறுநாளே பதில் எழுதியது: வரலாம்.

ஆனி மாதக் கடைசியில் வீட்டில் பெட்டி மூட முடியாமல் பிதுங்கியது. இட்லிப்பொடிக்கும் நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் இடம் வேண்டும் என்று அம்மா துணிகளை வெளியே எடுத்தாள். துணிகளுக்காக ஊறுகாயை மகள் வெளியே எடுத்தாள். கடைசியில் ஹெப்சிபா பெட்டிமேல் ஏறி உட்கார, தளவாய் பூட்டினார்.

திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் தேன்மொழிக்குக் கால் தரையில் பாவவில்லை. கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடியவள், விடைபெற மறந்ததை நினைத்துத் திரும்பி ஓடிவந்து அம்மா அப்பா இருவரையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டாள்.

"போயிட்டு வாரேம்மா. அங்கன பிள்ளைங்க காத்திருக்கும்."

"நேரமாச்சு, ஓடுட்டி" என்றாள் சுடலைவடிவு.

அவள் ஓடினாள்.