நூற்றொன்பதாம் சங்கீதத்துக்கு முதல் பரிசு

எங்கள் வீட்டு வேதப்புத்தகத்தைத் திறந்தால் சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த வாடை அடிக்கும். ஆம்பூரில் ஒரு டேனரியில் தோல் பதனிடும் பெரிய மரப் பீப்பாயை, அங்கே எல்லோரும் சொல்கிறபடி "ட்ரம்"மை, ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அந்த வாடையோடுதான் சாயங்கால ஜெபத்துக்கு உட்கார்ந்து பக்கம் புரட்டுவார். பழைய ஏற்பாட்டில் ஆதியாகமம் முதல் மல்கியா வரை அவர் விரல் படாத தாள் கிடையாது. "ஆண்டவர் சொன்னா சொன்னதுதான், மாத்திப் பேச மாட்டார்" என்று அடிக்கடி சொல்வார். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் போயின.

ட்ரம்மைச் சுழற்றும் பெல்ட்டின் மேல் ஓர் இரும்பு மூடி இருக்க வேண்டும். கழற்றி மாட்டுவதில் நேரம் போகிறது என்று அதை எடுத்து மூலையில் போடச் சொன்னவர் மேஸ்திரி. கை சிக்கியதும் முதலாளி விசாரித்தார். "குடிச்சிட்டு வந்தான், நான் இன்னா பண்றது?" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அவர் எங்கள் சபையிலும் கமிட்டி அங்கத்தினர் என்பதால் அதே பொய் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் வந்து சேர்ந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கும்வரை அப்பாவுக்குத் திருவிருந்து கிடையாது என்று கமிட்டி முடிவு செய்தது. கள் வாசனைகூடத் தெரியாத மனிதர் எதை ஒப்புக்கொள்வார்? மாதத்தின் முதல் ஞாயிறு சபையே எழுந்து போய்ப் பீடத்தின் முன் முழங்காலிடும்போது, அப்பா மட்டும் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அப்பமும் திராட்சரசமும் வாங்கித் திரும்பும் மேஸ்திரி அவரைத் தாண்டித்தான் போவார்.

அப்பா வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டார். ஜெபத்துக்கு உட்காருவார், ஆனால் வாசிக்க மாட்டார். அம்மாவோ, "அவங்க பெரிய ஆளுங்க, நமக்கு எதுக்கு பேஜார்?" என்று என் வாயையும் அடைத்தாள். வாசிக்கிற வேலை எனக்கு வந்தது. ஆண்டவர் யாரையாவது உருப்படியாகத் தண்டித்த இடம் எங்கே இருக்கிறது என்று பழைய ஏற்பாட்டைத் துழாவினேன். செங்கடலில் மூழ்கிய குதிரைகள் எனக்குப் போதவில்லை. ஒருநாள் நூற்றொன்பதாம் சங்கீதத்துக்கு வந்தேன். தன்மேல் பொய் சொன்னவனின் ஆயுசு குறைய வேண்டும், அவன் பதவி வேறொருவனுக்குப் போக வேண்டும், அவன் பிள்ளைகள் தகப்பனில்லாமல் தெருத்தெருவாக அலைய வேண்டும் என்று ஒருவர் ஆண்டவரிடமே பட்டியல் போட்டுக் கேட்டிருந்தார். எனக்குச் சர்க்கரை தின்றதுபோல இருந்தது. பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன், "அவன்" என்று வருகிற இடத்திலெல்லாம் மேஸ்திரியின் முகத்தை வைத்து.

கோயிலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியின் அந்த வருஷ விழாவில் வசனப் போட்டி. அதிக வசனங்களைத் தப்பில்லாமல் சொல்கிற பிள்ளைக்கு முதல் பரிசு என்பது வெகுகால வழக்கம். சங்கீதம் என்றாலே மேய்ப்பனும் புல்வெளியும்தான் என்று எங்கள் டீச்சருக்கு நினைப்பு. நான் நூற்றொன்பது என்றதும், "முப்பத்தொரு வசனமா! சமத்து" என்று பெயரை எழுதிக்கொண்டார், திறந்து பார்க்கவில்லை.

மேடையில் ஏறியதும் முதல் வரிசையில் இருந்த மேஸ்திரியைப் பார்த்தே சொல்ல ஆரம்பித்தேன். சாபம் தொடங்கும் ஆறாவது வசனத்தில் கைவிசிறிகள் நின்றன. பிள்ளைகள் அனாதையாகட்டும் என்ற இடத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மகள் கிரேஸ், என் வகுப்புக்காரி, அழத் தொடங்கினாள். நான் நிறுத்தவில்லை. அதற்கு வெட்கப்பட வேண்டும் என்று இன்று எனக்குத் தெரியும். முழு வெட்கம் இன்னும் வரவில்லை. ஆயர் எழுந்திருக்கப் பார்த்தார். வேதவசனத்தை நிறுத்து என்று எந்த ஆயர் சொல்ல முடியும்?

முப்பத்தொன்றும் பிசகில்லாமல் முடிந்தன. விதிப்படி முதல் பரிசு எனக்குத்தான். பரிசு கொடுப்பது கமிட்டி சார்பில் மேஸ்திரி. எவர்சில்வர் டிபன் பாக்ஸை நீட்டி, "நல்லா மனப்பாடம் பண்ணிக்கிற" என்றார் மெல்ல. "தேங்க்ஸ் அங்கிள், உங்களுக்காகத்தான் படிச்சேன்" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா துடைப்பத்தை எடுத்தாள். இரண்டாவது அடியில் அப்பா சிரித்துவிட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. "அவள வுடு" என்று சொல்லி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இன்னொரு வாட்டி சொல்லு, கேக்கலாம்" என்றார்.

மேஸ்திரிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாடி வீடு கட்டினார், கமிட்டியில் செயலாளர் ஆனார். அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்று ஊரில் ஆறுதல் சொன்னார்கள். இவ்வளவு காலம் நின்றால் தெய்வத்துக்குக் கால் வலிக்காதா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மன்னிப்புக் கேட்காத அப்பா திருவிருந்து வாங்காமலே செத்துப்போனார். ஆனாலும் நான் வேதத்தை மூடவில்லை. எபிரெய மொழியில் அதை எழுதியவர்கள் ஆண்டவரிடம் நல்ல பிள்ளை வேஷம் போடவில்லை. ஏன் தூங்குகிறீர் என்று அவரையே அதட்டினார்கள். அவரும் அந்தப் பக்கங்களை வெட்டி எறியாமல் வைத்திருக்கிறார். எனக்கு வரப்போகிற கோபத்துக்கு முன்கூட்டியே இடம் போட்டு வைத்திருந்தாரே, சொன்ன சொல் மாறாத ஆண்டவருடைய உண்மை என்று நான் கண்டது அவ்வளவுதான், அது எனக்குக் குறைவில்லை.

போன வருஷம் மேஸ்திரி இறந்தார். அடக்கம் முடிந்து கிரேஸ் என்னைத் தனியே அழைத்தாள். "ரூபி, எங்க வீட்டு வேதத்துல அந்தச் சங்கீதம் இல்ல. அன்னிக்கு வந்ததுமே அப்பா கிழிச்சிட்டாரு. உங்கப்பா குடிக்கலன்னு கடைசில எங்கிட்ட சொன்னாரு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? "இத சபைல எழுந்து சொல்றியா?" என்று கேட்டேன்.

"செத்தவர் பேர எதுக்குக் கெடுக்கணும்?" என்றாள்.

என் அப்பா பேரை அவர் உயிரோடு இருக்கும்போதே கெடுத்தார்கள். அந்த டேனரி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பழைய கோயிலை இடித்துக் கட்டியாகிவிட்டது, பெஞ்சுகளுக்குப் பதில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அன்று அந்தப் பொய்யைக் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் கல்லறையில். மிச்சப் பேருக்கு அப்பாவை ஞாபகமில்லை. எழுந்து நின்று உண்மையைச் சொல்ல எனக்குச் சபையே மிஞ்சவில்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன். என் அப்பா மோசஸ் ஒருநாளும் குடித்ததில்லை. குடித்தார் என்று சொன்னவர் பெயர் ஜே. தங்கராஜ்.