அம்மன் பீடத்தடியில் ஒரு மூக்குத்தி

வல்லம் வடகால் சாலையை அகலப்படுத்தியபோது எங்கள் குலதெய்வத்தின் கோயில் இடிபட்டது. புதுக் கோயில் கட்டும் பொறுப்பைத் தர்மகர்த்தாவான என் சிற்றப்பன் மகன் ஏற்றான். அம்மனைப் பிரதிஷ்டை செய்கையில் பீடத்தின் அடியில் பொன்னும் காசும் வைப்பது வழக்கம். பழைய பீடத்தடியில் கிடைத்த செப்புக்காசுகளோடு, ஒவ்வொரு வீட்டாரும் பொன் துணுக்கோ வெள்ளிக்காசோ தந்தோம். நான் தந்தது காலமான என் மனைவியின் மூக்குத்தி. அவள் மூச்சுப் பட்ட பொன் அம்மனின் திருவடியில் கிடக்கிறது என்ற நினைப்பே அந்த ஆண்டில் எனக்கிருந்த ஆறுதல்.

சில மாதங்கள் கழித்துப் பூசாரி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். அந்தப் பொன்னும் காசும் கட்டிய பட்டு முடிச்சைப் பீடக் குழியில் வைக்கும் வேளையில் தர்மகர்த்தா அவரைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டானாம். திரும்பி வருவதற்குள் குழியைச் சிமெண்ட் மூடியிருந்ததாம். நான் அவனிடமே கேட்டேன். டீக்கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

"ஆத்தா காலடியில பத்திரமா கீதுண்ணே. நம்பிக்கை இல்லன்னா தோண்டிப் பாத்துக்க," என்று சிரித்தான்.

நிலைநிறுத்திய தெய்வத்தின் அடியை எவரும் தோண்டமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். என் பக்தியையே தன் திருட்டுக்குப் பூட்டாக்கிக்கொண்டான்.

சிறுவயது முதல் பாசுரம் ஓதி வருகிறவன் நான். அன்றிலிருந்து அருளைப் பாடும் பாசுரங்கள் என் நாவில் நிற்கவில்லை. இரணியன் மார்பைக் கீறிய உகிரைப் பாடுபவற்றையே விடியலில் ஓதினேன். சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய் நரசிங்கன் முன் நின்று, என் சிற்றப்பன் மகனின் தலை ஊரார் நடுவில் கவிழ வேண்டும், அதை நான் காண வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரகடத்தில் தொழிற்சாலை வாயில்களுக்கு உலோகச் சோதனைக் கருவிகள் விற்கும் கடை ஒன்று உண்டு. அங்கிருந்த விற்பனையாளர் தென்மாவட்டத்துக்காரர்.

"அய்யா, கேட்டுல ஆளைத் தடவுறதா, மண்ணுல தேடுறதா?"

"மண்ணுல."

"புதையலா? எடுத்தியன்னா நம்மளையும் நெனைச்சுக்கிடுங்க."

மூன்று கருவிகளை எடுத்து வைத்தார். பொன்னுக்கென்றே செய்தது நெல்மணி அளவையும் உணருமாம், ஆழம் போகாதாம். காசுக்கென்று செய்தது ஆழம் போகுமாம், மூக்குத்தியைத் தவறவிடுமாம். மூன்றாவது இரண்டு வகை அலைகளையும் சேர்த்தனுப்பி, பொன், வெள்ளி, பழஞ்செம்பு மூன்றையும் கண்டுகொள்ளுமாம்.

"எது இருந்தா கத்தணும்? அதைச் சொல்லுங்க."

"எது இருந்தாலும் கத்தணும். ஆனா, அது கத்தாம இருக்கறதைத்தான் நான் பாக்கணும். ஊரும் அதை நம்பணும்."

"மத்தவுக சத்தத்துக்கு வாங்குதாவ. நீங்க சத்தமில்லாததுக்கு வாங்குதியளே!"

மூன்றாவதையே வாங்கினேன். ஒன்றை விட்டாலும், 'உன் மிஷினுக்கு அது கேக்காது' என்று அவன் நழுவிவிடுவான். தோட்டத்தில் என் மோதிரத்தையும் காசுகளையும் ஆணிகளையும் புதைத்துப் பழகினேன். பொன் மெல்லக் கூவியது, இரும்பு கரகரத்தது.

ஆடிக் கூழ் ஊற்றும் நாளில் ஊரே திரண்டிருக்க, பூசாரியின் சம்மதத்தோடு பீடத்தைத் தொடாமல் அதைச் சுற்றிக் கருவியை நகர்த்தினேன். அது அலறியது.

"கேட்டுச்சாண்ணே? ஆத்தாவே பேசிக்கினு கீறா!" என்று கைகொட்டினான் அவன். "காது மிஷினு வாங்கப் போனவரு இதை வாங்கிக்கினு வந்துட்டாரு!"

கூட்டம் சிரித்தது. நானும் ஒரு கணம் குலைந்துபோனேன். பிறகுதான் அந்தக் குரலைக் கவனித்தேன். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் கரகரப்பு.

"இது பொன்னு இல்லை, இரும்பு. ஆத்தா அடியில இரும்பு எப்படிடா வந்தது?"

சிரிப்பு நின்றது. கருவறையில் இரும்பு சேர்க்கலாகாது என்பதை அறியாதவர் அங்கே ஒருவருமில்லை. கூழ் வரிசையில் நின்ற கொத்தனார் வாய்திறந்தார்.

"பீடத்துக்குக் கருங்கல்லு வாணாம், கம்பி கட்டி கான்கிரீட் போட்ருன்னு அவருதாம்பா சொன்னாரு."

"அப்டீன்னா ஆத்தாவை வேற எடத்துல எழுந்தருளப் பண்ணிட்டு, பீடத்தை ஒடைச்சுத்தான் ஆவணும்," என்றார் பூசாரி.

அத்தனை இரும்பின் நடுவே பொன் இருக்கிறதா இல்லையா என்று எந்தக் கருவியாலும் சொல்லியிருக்க முடியாது. நான் வாங்கப்போன மௌனம் எனக்குக் கிடைக்கவேயில்லை. அது தேவைப்படவும் இல்லை. தோண்டக் கூடாத இடத்தைத் தோண்டுவது இப்போது ஊரின் கடமையாகிவிட்டது.

அவன் என்னைக் கோயிலுக்குப் பின்புறம் அழைத்துப்போனான்.

"அண்ணே, அண்ணி மூக்குத்தி எங்கிட்டதான் கீது. இங்கயே கொண்டாந்து குடுத்துடறேன். மத்ததையும் யாருக்கும் தெரியாம வெச்சுடறேன். நம்ம வூட்டு மானம்ணே."

"எல்லார் முன்னாடியும் கொண்டாந்து குடு."

காலில் விழுந்தான். நான் காலை நகர்த்திக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு கூழ் வரிசையின் நடுவே நடந்து வந்தான். விரித்த உள்ளங்கையில் மூக்குத்தி இருந்தது. என் முன் வந்து தலைகுனிந்து நின்றான். நான் உடனே வாங்கவில்லை. கடைசியில் நின்றவர்களும் கிட்டே வந்து பார்த்து முடிக்கட்டும் என்று, கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.